கரித்தூள் மூடையும் ஐந்து பெயர்களும்

வெருகல் முருகனைக் கும்பிடுற என்ர சகோதரங்களே, எனக்கு ஆக்களுக்கு முன்னால நிண்டு கதைச்சுப் பழக்கமில்லை. பிழை இருந்தாப் பொறுத்துக் கொள்ளுங்கோ. இந்தக் கதையைக் கனகாலம் பயத்தில சொல்லாம வைச்சிருந்தனான். இனியும் சொல்லாட்டில் நன்றி கெட்டவளாப் போயிடுவன் எண்டுதான் வந்தனான்.

என்ர பேர் யோகேஸ்வரி. ஊதுபத்தி செய்து விக்கிறனான். சண்டைக் காலத்தில ஒரு மார்கழி மாசம், திருவெம்பாவை தொடங்க நாலு நாள் இருக்கேக்க, திருகோணமலை இறங்குதுறையில என்னைப் பிடிச்சு இருத்தினவை. காரணம் ஒரு மூடை கறுப்புத் தூள். அதோட ஒரு கொப்பியில இருந்த அஞ்சு பேரின்ர பேர். அண்டைக்கு நான் வீட்டை திரும்புவன் எண்டு நானே நம்பேல்லை.

முதல்ல எங்கட நிலைமையைச் சொல்லுறன். எங்கட வீடு வெருகல் ஆத்துக்குக் கிட்ட. வயல் இருந்தது, ஆனா இறங்க ஏலாது. மிதிவெடி தாட்டிருக்கெண்டு சொல்லிச்சினம். என்ர அவர் ஆத்தில வலை போட்டுத்தான் எங்களுக்குச் சோறு. சில நாளில ஆத்துப் பக்கமே போகக் கூடாதெண்டு அறிவிச்சுப் போடுவினம். அண்டைக்கு அடுப்பு எரியாது. எங்கட பக்கம் இயக்கத்தின்ர ஆட்சி, திருகோணமலை ரவுன் பக்கம் அரசாங்க ஆமியின்ர ஆட்சி. ஆம்பிளையள் ரவுனுக்குப் போறதில்லை. போன கொஞ்சப் பேர் திரும்பி வரேல்லை. அதால ரவுன் அலுவல் எல்லாம் பொம்பிளையளின்ர தலையில விழுந்தது. அப்ப மூத்தவளுக்கு ஆறு வயசு. சின்னவள் எட்டு மாசப் பால்குடி.

அந்த நேரத்திலதான் ஒரு சங்கத்தில இருந்து ஒரு மிஸ் எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டம் வைச்சவ. வீட்டில இருந்து தொழில் செய்யிற பொம்பிளையளுக்குச் சின்னக் கடன். நகை வேண்டாம், காணி உறுதி வேண்டாம். அஞ்சு பேர் ஒரு குழுவாச் சேரவேணும். ஒருத்திக்குக் கட்ட ஏலாட்டில் மற்ற நாலு பேரும் கட்டவேணும். அதுதான் பிணை.

நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்தம். தயிர் விக்கிற பாக்கியமக்காதான் மூத்தவ, புருசனை இழந்தவ. அவவைத் தலைவியா வைச்சம். மற்ற மூண்டு பேரில ஒருத்தி தையல், ஒருத்தி கோழி, ஒருத்தி இடியப்பம். நான் ஊதுபத்தி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பாக்கியமக்கா வீட்டில கூடுவம். ஆர் என்ன வாங்கினது, ஆர் தவணை கட்டினது எண்டு ஒரு கொப்பியில எழுதுவம். முன்பக்கத்தில எங்கட அஞ்சு பேரின்ர பேர், ஊர், கையெழுத்து. மாசம் ஒருக்கா ரவுனில இருக்கிற சங்கக் கந்தோருக்கு, அதுதான் ஒபிசுக்கு, கொண்டுபோய்க் காட்டவேணும். ரவுனுக்குப் போய் வாற ஆள் நான் எண்டபடியா கொப்பி என்னட்டத்தான் இருக்கும்.

ஊதுபத்தி பெரிய வேலையில்லை. கரித்தூளையும் பசையுள்ள பட்டைத்தூளையும் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, மூங்கில் ஈர்க்கில உருட்டிக் காய வைக்கிறது. பிறகு வாசனை எண்ணெயில தோய்க்கிறது. தொடக்கத்தில எல்லாம் கோணல் மாணலாத்தான் வந்தது. மூண்டாம் மாசம் மூதூர்க் கடைக்காரர் தாங்களாக் கேட்டு வாங்கத் தொடங்கிச்சினம். என்ர கையால உழைச்ச காசில மூத்தவளுக்குச் சப்பாத்து வாங்கிக் குடுத்தன். அண்டைக்கு என்ர அவர் அந்தச் சப்பாத்தைத் துணியால துடைச்சுத் துடைச்சு வைச்சவர்.

திருவெம்பாவைக்குக் கோயில்களில ஊதுபத்தி நிறைய வேணும். அதுக்குத் தூள் வாங்கத்தான் அண்டைக்கு மூதூரில லோஞ்சிப் படகு ஏறி ரவுனுக்குப் போனனான். சின்னவளைப் பாக்கியமக்காட்ட விட்டிட்டு, பின்னேரம் வந்திடுவன் எண்டு சொல்லிப் போட்டுத்தான் போனது. கிழமைக்கணக்கா மழை. கடல் சாம்பல் நிறத்தில கிடந்தது.

கந்தோருக்குப் போய்க் கொப்பியைக் காட்டிப் போட்டுச் சந்தைக்குப் போனன். நான் எப்பவும் கிண்ணியா முஸ்லிம் நானா ஒருத்தரிட்டத்தான் தூள் வாங்கிறது. அண்டைக்கு அவரின்ர கடை பூட்டு. சொந்தத்தில ஆரோ செத்து ஒரு மௌத்து வீடாம். வெறுங்கையோட திரும்பினா திருவெம்பாவை போயிடும், தவணையும் தவறிடும் எண்டு யோசிச்சுக் கொண்டு நிண்டனான். அப்பதான் பக்கத்தில ஒரு ஆள் வந்து நிண்டது.

"கரித்தூளோ தேடுறீங்கள்?"

"ஓம். நானா கடையில இல்லை."

"நீங்கள் எந்த ஊர்?"

"வெருகல் பக்கம்."

"அப்ப மூதூர் லோஞ்சியிலதான் போவீங்கள், என்ன?" எண்டார். நான் ஓம் எண்டன். "பாவம், தூரத்தால வந்திருக்கிறீங்கள். நானாட விலையை விடக் குறைச்சுத் தாறன்."

மூடை ஏற்கனவே தைச்சிருந்தது. வாயில ஒரு மூலையைப் பிரிச்சுக் காட்டினார். நல்ல மெல்லிய கறுப்புத் தூள். நான் காசைக் குடுத்தன். அவர் அதை எண்ணிப் பாக்காமலே மடிச்சுச் சேர்ட்டுப் பைக்குள்ள வைச்சார். சந்தைக்காரன் காசை எண்ணாம வைப்பானோ? ஆனா மழை இருண்டு கொண்டு வந்தது, லோஞ்சிக்கும் நேரமாச்சு. மூடையைத் தலையில தூக்கிக் கொண்டு நடந்தன்.

இறங்குதுறைச் சோதனைச் சாவடியில நீட்டு வரிசை. காவலுக்கு நிண்டவை ஒவ்வொரு பொதியாக் கம்பியால குத்திப் பாத்துக் கொண்டு வந்தினம். என்ர மூடைக்குள்ள கம்பி போய்க் கறுப்பா வெளியில வந்தது. குத்தின ஆள் கம்பியைப் பாத்தான். பிறகு என்னைப் பாத்தான். வரிசையில எனக்குப் பின்னால நிண்ட சனம் ரெண்டடி தள்ளி நிண்டுது. அவையில பிழையில்லை. நானும் அப்பிடித்தான் செய்திருப்பன்.

என்னைத் தகரம் போட்ட ஒரு அறைக்குக் கூட்டிக் கொண்டு போச்சினம். ஒரு பொம்பிளைப் பொலிஸ் என்ர உடம்பைச் சோதிச்சவ. சிங்களப் பிள்ளை, என்ர வயசுதான் இருக்கும். என்ர பைக்குள்ள இருந்து கொப்பி வெளியில வந்தது. தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டினம். அவர் ஒவ்வொரு வரியா வாசிச்சு, அங்க இருந்த அதிகாரிக்குச் சிங்களத்தில சொன்னவர். தமிழில வாசிக்கிறது மட்டும்தான் எனக்கு விளங்கினது.

"குழு. தலைவி, பாக்கியம். செவ்வாய்க்கிழமை கூட்டம். கரித்தூள் ரெண்டு மூடை. மருந்து மூண்டு போத்தல்."

அது கோழி மருந்து. கோழி வளர்க்கிறவள் எழுதினது. எங்கட வீட்டில சாதாரணமான சொல்லுகள், அந்த அறைக்குள்ள இயக்கத்தின்ர கணக்கு மாதிரிக் கேட்டுது.

"இது என்ன குழு? ஆர் இந்தத் தலைவி?" எண்டு அதிகாரிக்காக அவர் தமிழில கேட்டார்.

"ஐயா, கடன் குழு. சங்கத்தில கடன் எடுக்கிறது. இது ஊதுபத்தி செய்யிற கரித்தூள். மருந்து கோழிக்கு."

அதிகாரி ஒரு கடுதாசியை என்ர பக்கம் தள்ளினார். முழுக்கச் சிங்களம். தமிழ் தெரிஞ்சவர் சொன்னவர், "மற்ற நாலு பேருக்காகத்தான் இந்த மூடையைக் கொண்டு போறாய் எண்டு எழுதியிருக்கு. கையெழுத்து வைச்சா நீ வீட்டை போகலாம்."

"இது எனக்கெண்டு வாங்கினது, ஐயா. அவைக்கு இதில பங்கில்லை."

"அப்ப இரு. அஞ்சு மணிக்கு வாகனம் வரும். தூள் கொழும்புக்குச் சோதனைக்குப் போகும். நீயும் போவாய்."

அப்பிடி வாகனத்தில போனவையின்ர கதை எங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்திப் போட்டுப் போச்சினம். யன்னலால துறைமுகம் தெரிஞ்சுது. மூதூர் லோஞ்சி சத்தம் போட்டுக் கொண்டு வெளிக்கிட்டது. அது சின்னனாப் போகப் போக என்ர மனமும் செத்துக் கொண்டு போச்சு. சின்னவள் பசியில அழுவாள். என்ர நெஞ்சு கட்டி நோகத் தொடங்கிச்சு. பால் வடிஞ்சு சட்டை நனைஞ்சுது. முன்னால அந்தக் கடுதாசியும் பேனையும்.

உங்களிட்ட ஒளிக்கக் கூடாது. நான் அந்தப் பேனையைக் கையில எடுத்தனான். ஒரு கையெழுத்து. பிள்ளையிட்டப் போயிடலாம். அவை நாலு பேரும் என்னவும் சொல்லித் தப்பட்டும் எண்டு ஒரு நினைவு வந்தது. அதோட இன்னொரு பயமும் வந்தது. அந்த மூடைக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது. காசை எண்ணாத மனுசன். லோஞ்சியிலதானே போவீங்கள் எண்டு கேட்ட மனுசன். நான் கரித்தூள் எண்டு சத்தியம் பண்ணுறன். அது கரித்தூள்தானோ, வெடிமருந்தோ?

அதுவரைக்கும் "முருகா, என்னைக் காப்பாத்து, என்னைக் காப்பாத்து" எண்டுதான் கும்பிட்டுக் கொண்டிருந்தனான். ஒரு ஆறுதலும் வரேல்லை. பேனையைக் கையில வைச்சுக் கொண்டிருக்கேக்க, என்ர பிள்ளையை இப்ப பாக்கியமக்காதானே மடியில வைச்சிருக்கிறா எண்டு நினைவு வந்தது. நான் கையெழுத்து வைச்சா, அவவின்ர வாசலுக்குத்தானே முதல் போவினம். அவவின்ர மடியில என்ர பிள்ளை. பேனையைக் கீழ வைச்சிட்டன். நிலத்தில விழுந்து கும்பிட்டன். "அப்பனே, என்னை என்னவும் செய். அந்த நாலு பேரின்ர வாசலுக்கும் இவை போகக் கூடாது" எண்டு கேட்டன். அழுகை நிண்டுட்டுது. பயம் போகேல்லை. ஆனா எழும்பி இருக்கக் கூடியதா இருந்தது.

கொஞ்ச நேரத்தில அந்தப் பொம்பிளைப் பொலிஸ் கதவைத் திறந்தவ. என்ர சட்டையைப் பாத்திட்டு நிண்டவ.

"பிள்ளை எத்தனை மாசம்?" அரைகுறைத் தமிழ்.

"எட்டு மாசம், மிஸ்."

போனா. ஒரு துவாயோட திரும்பி வந்து என்ர மடியில வைச்சிட்டு, வெளியில போய் அதிகாரியோட சிங்களத்தில கனநேரம் கதைச்சா. கோவமாக் கதைக்கிற மாதிரித்தான் இருந்தது. பிறகு அதிகாரி உள்ள வந்தார். அவர் சொன்னதை அவவே தமிழில சொன்னா. "ஊதுபத்தி எண்டு சொல்லுற. செய்து காட்டு. வெடிக்காம எரிஞ்சாப் போகலாம்."

வேற கடையில வாங்கின பட்டைத்தூளும் ஈர்க்கும் என்ர பைக்குள்ள இருந்தது. ஒரு பீங்கானில தண்ணி கொண்டு வந்து தந்தா. மூடையின்ர வாயில இருந்து ரெண்டு பிடி அள்ளினன். என்ன தூளெண்டு தெரியாமப் பிசைஞ்சன். பத்துக் குச்சி உருட்டினன். ஒண்டை எடுத்து அதிகாரி நெருப்பு வைச்சார். ஈரம், பிடிக்கேல்லை. சிரிச்சார்.

"காய வேணும் ஐயா. வெயில் வேணும்."

வெளியில மழை அடிச்சுக் கொண்டிருந்தது. அவர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். அஞ்சு மணி.

அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை ஒரு தகரத் துண்டு கொண்டு வந்து வாசலில வைச்சா. மற்ற ஒன்பது குச்சியையும் அதில பரப்பினன். நான் உருட்டினதிலேயே மெல்லிசாக் கிடந்தவை அவைதான். பிறகு மழையைப் பாத்துக் கொண்டு இருந்தன். வாயால கேக்க எனக்கு ஒண்டுமிருக்கேல்லை. "முருகா" எண்டு மட்டும் சொல்லிக் கொண்டிருந்தன்.

மூண்டு மணி போல மழை விட்டுது. பிறகு முகில் பிளந்து, துறைமுகத்துக்கு அங்கால மலைப் பக்கமா வெயில் எறிச்சுது. மழைக்குப் பிறகு வாற சுள்ளெண்ட வெயில். தகரம் சுட்டுது. அந்த மாதத்தில நாங்கள் வெயிலைக் கண்ட நாள் அது ஒண்டுதான். நீங்கள் அதைத் தற்செயல் எண்டு சொல்லலாம். நான் அந்த வாசலில இருந்தனான். எனக்குத் தற்செயல் எண்டு சொல்ல வாய் வராது.

வாகனம் வெளியில வந்து நிண்டு உறுமிக் கொண்டிருக்கேக்கதான் அதிகாரி ரெண்டாம் முறை நெருப்பு வைச்சார். நுனி சிவந்தது. நான் கண்ணை மூடிட்டன். சீறும், வெடிக்கும் எண்டு காத்துக் கொண்டிருந்தன். ஒரு சத்தமுமில்லை. கண்ணைத் திறந்தா, புகை நேரா மேல போய்க் கொண்டிருந்தது. குச்சி அடி வரைக்கும் எரிஞ்சு சாம்பல் மேசையில விழும் வரைக்கும் அந்த அறையில ஒருத்தரும் அசையேல்லை. அதிகாரி கையால வாசலைக் காட்டினார்.

"ஐயா, என்ர கொப்பி?"

"அது இருக்கட்டும்" எண்டார் தமிழ் தெரிஞ்சவர்.

நான் போகலாம், அஞ்சு பேரின்ர பேரும் அங்க இருக்கப் போகுது. அந்தப் பிள்ளை உள்ள போய் மூடையின்ர வாயைக் கட்டிக் கொண்டு வந்து என்ர தலையில ஏத்திவிட்டா. "கெதியாப் போங்க. திரும்பிப் பாக்க வேணாம்" எண்டு மெதுவாச் சொன்னா. அவவின்ர பேரைக்கூட நான் கேக்கேல்லை.

அண்டைக்கு ரவுனுக்குப் பக்கத்துப் பாலையூத்தில என்ர அவரின்ர சொந்தக்காரர் வீட்டில தங்கி, விடிய லோஞ்சி ஏறினன். பாக்கியமக்கா என்ர பிள்ளையைத் தந்தவ. பசும்பாலில தண்ணி கலந்து குடுத்து வைச்சிருந்தா. நான் கொப்பியின்ர கதையைச் சொன்னதும் அவவின்ர முகம் மாறிப் போச்சு. "எங்கட எல்லாற்ற பேரும் அங்கயோ?" எண்டு மட்டும் கேட்டா. தையல்காரி அண்டைக்கே பிள்ளையளைக் கூட்டிக் கொண்டு மாமியார் வீட்டை போயிட்டாள். நாய் குலைச்சாலும் எழும்பிப் போய்ப் பாத்தம். நான் அவையைப் பிடிச்சுக் குடுத்தவள் மாதிரி எனக்கே இருந்தது.

ரெண்டாம் நாள் காலமை, திருவெம்பாவைக்குக் குச்சி உருட்ட மூடையை அவிழ்த்தன். தூளுக்குள்ள கை விட்டதும் ஏதோ தட்டுப்பட்டுது. இழுத்துப் பாத்தா எங்கட கொப்பி. ஒரு தாள் கிழியேல்லை. மூடையின்ர வாயைக் கட்டேக்க அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை உள்ள சொருகியிருக்கிறா. பிடிபட்டிருந்தா அவவின்ர கதி என்ன? கொப்பியை நெஞ்சில வைச்சுக் கொண்டு நான் அழுத அழுகையில பிள்ளையளும் அழுதுதுகள்.

கதை அதோட முடியேல்லை. மேல் பாதித் தூளில குச்சி உருட்டிக் காயவைச்சம். ஆனா பாதிக்குக் கீழ போகத் தூளின்ர நிறம் மாறிச்சு. கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் கரகரப்பு. மணமும் வேற. என்ர அவர் ஒரு சிட்டிகை எடுத்து அடுப்புத் தணலில போட்டார். சீறிக் கொண்டு அவரின்ர முகத்து உயரத்துக்கு எழும்பிச்சு. புருவம் பொசுங்கிப் போச்சு. அண்டைக்கு அந்த அறையில நான் இன்னும் கொஞ்சம் ஆழத்தில கை விட்டிருந்தா? கம்பி குத்தின ஆள் மூடையைக் கொட்டியிருந்தா? என்னை அறியாம ஆரோ ஒருத்தரின்ர சாமானைத் தலையில சுமந்து கொண்டு போயிருக்கிறன். மிச்சத் தூளை நனைச்சு, ஆத்தில ஆழமான இடத்தில கொட்டினம்.

அடுத்த நாள் பின்னேரம் சைக்கிளில ஒருத்தர் வந்தார். எங்கட ஊர் முகம் இல்லை. வேலிப் படலையில நிண்டு என்ர அவரிட்டக் கேட்டார், "ரவுனில இருந்து ஒரு மூடை வந்ததாமே?"

"சாவடியில பறிச்சுப் போட்டினம்" எண்டார் என்ர அவர்.

"அப்ப இது?" திண்ணையில காஞ்சு கொண்டிருந்த குச்சியளைக் காட்டினார்.

"அது வீட்டில கிடந்த பழைய தூள்."

அந்த ஆள் உள்ள வந்து ஒரு குச்சியை எடுத்து மணந்து பாத்தார். எங்கட ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். நான் குசினி வாசலில பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக் கொண்டு நிண்டன். குச்சியைப் பைக்குள்ள வைச்சுக் கொண்டு போனவர்தான். பிறகு ஒருநாளும் வரேல்லை. ஆனா எங்கட பக்கம் சண்டை ஓயும் வரைக்கும், படலையில சைக்கிள் மணி கேட்டா என்ர உயிர் ஒருக்காப் போய்த்தான் வரும்.

அதுக்குப் பிறகு நான் வெளியில கரித்தூள் வாங்கினதில்லை. சிரட்டை சுட்டு, உரலில இடிச்சு, நாங்களே அரிச்செடுக்கிறம். பயத்தில குழுவை விடுவமோ எண்டு மற்றவை யோசிச்சவை. செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு நினைச்சுக் கொண்டுதான் பாக்கியமக்கா வீட்டை போனனான். நாலு பேரும் இருந்தவை, மாமியார் வீட்டை போன தையல்காரியும்தான். நான் பேனையைக் கையில எடுத்ததையும் அவைக்குச் சொன்னன். பாக்கியமக்கா, "கையெழுத்து வைச்சனியோ? இல்லைத்தானே. இரு, தேத்தண்ணி குடி" எண்டா. அவ்வளவுதான். முதல் கடனைக் கட்டி முடிச்சம், ரெண்டாவதும் எடுத்தம். தையல்காரி ரெண்டாவது மெசின் போட்டாள். சண்டையில ரெண்டு தரம் இடம்பெயர்ந்தம். கோழியெல்லாம் போச்சு, மாடும் போச்சு. திரும்பி வந்து பிறகும் தொடங்கினம். இண்டைக்கு என்ர வீட்டில ஆறு பொம்பிளையள் ஊதுபத்தி உருட்டுகினம். நாங்கள் அஞ்சு பேரும் உயிரோட இருக்கிறம்.

அந்தப் பொம்பிளைப் பொலிசுக்காக ஒவ்வொரு செவ்வாயும் முருகனிட்டக் கேக்கிறனான். எங்க இருந்தாலும் அவ நல்லா இருக்க வேணும். பேர் தெரியாட்டிலும் அவனுக்கு ஆளைத் தெரியும்.

இங்க இருக்கிறவையில புதுசாக் கடன் எடுத்துத் தொழில் தொடங்கப் போற பிள்ளையள் இருக்கிறீங்கள். பயமா இருக்கெண்டு முந்தநாள் ஒருத்தி என்னட்டச் சொன்னவள். பயம் இருக்கும். எனக்கு அந்த அறையில கடைசி மட்டும் பயம் போகேல்லை எண்டு சொன்னன்தானே. பயத்தோடயே அவனிட்டப் போங்கோ. உங்கட தொழிலுக்கும் உங்கட பிள்ளையளுக்கும் கேளுங்கோ. கேட்டு முடிய, எழும்பிப் போக முதல், உங்களோட கையெழுத்து வைச்ச மற்ற நாலு பேரின்ர பேரையும் ஒவ்வொண்டாச் சொல்லிக் கேளுங்கோ.